செகண்ட் லைன் பீச் அத்தோ வண்டி: சூப்புக்காகவே போலாம்

பீச் ஸ்டேஷன் எதிர்ல, பர்மா பஜாருக்கு பின்னாடி சாயங்காலம் ஆனா அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், விக்கிற வண்டிங்க வரிசையா நிக்கும்ல, அதுல போர்டு கூட இல்லாத ஒரு வண்டி தான் நம்ம ஃபேவரைட். அண்ணன் தட்டுல நூடுல்ஸ அள்ளிப்போட்டு, பொடிசா சீவின கோஸு, வெங்காயம், புளித்தண்ணி, மிளகாத்தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் ஊத்தி கையாலயே பிசைவாரு, கடைசியா பேஜோங்கிற மொறுமொறு வறுவல நொறுக்கி மேல தூவுனாருன்னா அந்த மொறுமொறுப்பு ரெண்டு நிமிஷம் தான் நிக்கும், செல்ஃபி எடுக்காம சாப்ட்ருங்க. கூட குடுக்குற வாழத்தண்டு சூப்பு செம. முட்ட மசாலா மட்டும் சுமார், எண்ணெய் ஓவர்.

கூட்டம் இல்லாதப்ப அண்ணன் நல்லா பேசுவாரு, அவரு குடும்பம் பர்மாலேர்ந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பம். "உங்க தாத்தாவ பர்மாலேர்ந்து தொரத்திட்டாங்களாண்ணா"ன்னு கேட்டா, "தொரத்தல தம்பி, கடைய எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் அங்க இருந்து என்னத்த பண்றது"ன்னாரு. எனக்கு இது தான் கரெக்ட்டா படுது. ஏன்னா நம்மாளுங்க பர்மாவுக்கு போனதும் ஒரே காரணத்துக்காக இல்ல. அங்க ஐராவதி ஆத்து டெல்டால காட்ட அழிச்சு நெல்லு போட்டாங்க, அறுக்க ஆளு வேணும், ரைஸ் மில்லுக்கு, ரங்கூன் ஹார்பருக்கு ஆளு வேணும், இங்க ஊர்ல பஞ்சம், கடன், கூலிக்கு ஆள் புடிக்கிற மேஸ்திரி அட்வான்ஸ் குடுத்தாரு, கப்பல் ஏறிட்டாங்க. செட்டியாருங்க வட்டித் தொழிலுக்கு போனாங்க. 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோட மாகாணம் தானே, சொந்த நாட்டுக்குள்ளயே போற மாதிரி தான்.

திரும்பி வந்ததும் அப்டித்தான். 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப குண்டுக்கு பயந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்தவங்க ஒரு கூட்டம். 1962ல ராணுவ ஜெனரல் நே வின் ஆட்சிய புடிச்சதுக்கப்புறம் மில்லு, கடை எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 1964ல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, அதோட கப்பல் கப்பலா மெட்ராஸ் ஹார்பர்ல வந்து எறங்குனாங்க. வியாசர்பாடி பக்கம் நெறைய பேரு செட்டிலானாங்க, 1969ல இந்த பஜார் வந்துச்சு. இங்க புடிக்காம திரும்ப பர்மாவுக்கே போலாம்னு கெளம்பி, பார்டர்ல தடுத்ததால மணிப்பூர் மோரேலயே தங்கிட்டவங்களும் இருக்காங்க, அங்க இப்பவும் அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கு.

"உங்க பையன் கடைக்கு வரமாட்டாரா"ன்னு கேட்டேன். சிங்கப்பூர்ல வெல்டராம். "இங்க தர்ற சம்பளத்துல வாடகை கூட குடுக்க முடியல"ன்னு சொல்லிக்கிட்டே அடுத்த தட்டுக்கு கோஸு அள்ளிட்டாரு.

ரேட்டு ஓகே, நூறு ரூபாய்க்குள்ள வயிறு ரொம்பும். உக்கார எடம் கெடையாது, நின்னுக்கிட்டே தான் சாப்டணும், கை கழுவ ஒரே ஒரு கொடம் தண்ணி, அதுவும் லேட்டா போனா காலி. வெஜ்ஜுன்னா மொதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா முட்டைய கலந்துடுவாரு. பைக்க ரோட்டோரமா போடாதீங்க, போலீஸ் தூக்கிடுவாங்க, ட்ரெயின்ல வர்றது பெஸ்ட். எட்டு மணிக்கு மேல போயி பேஜோ தீந்துபோச்சுன்னா அத்தோ வாங்காதீங்க, மொய்ங்கா, அதான் சூப்புல போட்ட நூடுல்ஸ், சொல்லிடுங்க.