பாலியல் நல வருகைக்கு எந்தக் குறியீடு: நடத்தையா, தொடர்பா, பரிசோதனையா?

உடலில் எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர், அண்மையில் ஏற்பட்ட ஓர் உறவைப் பற்றிய கவலையுடன் மருத்துவரிடம் வந்து பரிசோதனை செய்துகொண்டு போகிறார். நோய்களையும் மருத்துவ வருகைகளின் காரணங்களையும் குறிக்க அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் குறியீட்டுத் தொகுப்பில் அந்த ஒரே வருகையைப் பதிவு செய்யப் பல வழிகள் உண்டு. ஆபத்து மிகுந்த பாலியல் நடத்தை என்று இசட்72.5 வரிசையில் போடலாம். தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று இசட்20.2 போடலாம், பரிசோதனைக்கு வந்தவர் என்று இசட்11.3 அல்லது எச்.ஐ.வி.க்கு உரிய இசட்11.4 போடலாம், ஆலோசனை பெற்றவர் என்று இசட்70.1 போடலாம். இவற்றில் முதலாவது நோயாளியின் வாழ்க்கைமுறையைப் பற்றிய கூற்று. மற்றவை அந்த வருகையின் காரணத்தைப் பற்றிய கூற்றுகள். எந்தக் குறியீட்டைத் தேர்வது என்பதில் என் முடிவு முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இசட்72.5 பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 தொகுப்பில் இது உட்பிரிவுகள் இல்லாத ஒற்றைக் குறியீடு. 2015 அக்டோபர் 1 வரை அமெரிக்காவில் இருந்த பழைய தொகுப்பிலும் வி69.2 என்று ஒன்றே இருந்தது. புதிய அமெரிக்கத் தொகுப்பு அதை மூன்றாகப் பிரித்து, எதிர்பால் உறவுக்கு இசட்72.51, தன்பால் உறவுக்கு இசட்72.52, இருபால் உறவுக்கு இசட்72.53 என்று அமைத்தது. ஆணுறை பயன்படுத்தப்பட்டதா, துணைவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் தொற்று இருந்ததா என்பவையே ஆபத்தைக் கணிக்க மருத்துவருக்குத் தேவையான செய்திகள். இந்த மூன்று பிரிவுகளில் ஒன்றுகூட அவற்றைச் சொல்வதில்லை. மாறாக, துணைவரின் பால் என்ன என்ற ஒன்றை மட்டும் கோப்பில் நிலையாகப் பதித்துவிட்டுப் போகின்றன. ஒரே துணைவருடன் பல ஆண்டுகளாக வாழும் தன்பால் ஈர்ப்புள்ள ஒருவருக்கு, அந்த ஈர்ப்பு குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் இசட்72.52 போடுவது பிழையான குறியீடு. அவருக்கு இழைக்கப்படும் அநீதியும் கூட. தொடர்புடைய சிக்கல் ஒன்று உள்ளது என்று மருத்துவரின் ஆவணம் குறிப்பிட்டால் மட்டுமே இசட்72 வகையைப் பயன்படுத்த வேண்டும் என்று அதிகாரப்பூர்வ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மருத்துவரின் குறிப்பைப் படித்துக் குறியீடு போடும் குறியீட்டாளர் தாமாக ஊகித்துப் போடுவதற்கு அங்கே இடமில்லை.

ஆனாலும் இந்தக் குறியீட்டை முற்றாக ஒதுக்கவும் முடியாது. எச்.ஐ.வி. நிலையை அறிய வருபவருக்கு இசட்11.4 போட்டு, ஆபத்தான நடத்தை ஏதேனும் இருந்தால் அதையும் கூடுதலாகக் குறிக்கும்படி அதே நெறிகள் கேட்கின்றன. ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தேவை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. அத்தகைய தொடர் பரிசோதனைகளின் தேவையைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காட்ட, காரணம் சொல்லும் ஒரு குறியீடு உதவுகிறது. ஆகவே இதை இரண்டாம் இடத்தில், ஆவணத்தின் ஆதாரத்தோடு மட்டும் வைப்பதே சரி என்று கருதுகிறேன்.

இசட்20.2 இதைவிடத் தெளிவான தேர்வு. அறிகுறி இல்லாத, ஆனால் தொற்றுள்ளவருடன் நெருங்கிய தொடர்பு ஏற்பட்டிருக்கலாம் என்று கருதப்படுபவருக்கு உரியது இது, எச்.ஐ.வி. என்றால் இசட்20.6. முதல் குறியீடாகவும் இதை வைக்கலாம், ஆபத்தைக் காட்டும் துணைக் குறியீடாகவும் வைக்கலாம். மருத்துவ நோக்கிலும் இது பயனுள்ளது. எச்.ஐ.வி. தொடர்புக்குப் பிந்தைய தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும் என்பதால், எப்போது தொடர்பு ஏற்பட்டது என்ற கேள்விதான் அங்கே உயிர்நாடி. தொடர்பு என்று பதிவு செய்யும் மருத்துவர் அந்த நேரத்தையும் கேட்டு எழுதும் வாய்ப்பு அதிகம். நடத்தை என்று பதிவு செய்பவருக்கு நேரத்தைக் கேட்கும் தூண்டுதலே இல்லை.

பரிசோதனைக் குறியீடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். நலமாகத் தோன்றுபவரைச் சோதிப்பதற்கே இசட்11.3 உரியது. சீழ் வடிதல், புண், எரிச்சல் போன்ற அறிகுறியோடு வந்தவருக்குச் செய்யப்படுவது நோயறியும் சோதனை என்பதால், அந்த அறிகுறியையே குறியீடாக்க வேண்டும். இசட்70.1 உண்மையில் பேச்சு நடந்திருந்தால் மட்டுமே பொருந்தும். மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் ஜி0445 என்ற சேவைக் குறியீட்டைக் கோருபவர், 30 நிமிட நேரடி ஆலோசனை நடந்ததைக் குறிப்பில் காட்டியாக வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மருந்தான பிரெப் தொடர்பான வருகைக்கு 2023 அக்டோபர் 1 முதல் இசட்29.81 என்ற தனிக் குறியீடு வந்தது பெரிய நிம்மதி. தன் உடலைக் காத்துக்கொள்ள முன்வந்தவரின் வருகையைத் தலைப்பிலேயே தடுப்பு என்று சொல்லும் குறியீடு அது. ஆபத்துக் காரணிகளையும் உடன் குறிக்கும்படி நெறிகள் கேட்டாலும், உண்மை நிலைக்கேற்ப இசட்20.6 அல்லது இசட்72.5 வரிசை என்று தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது.

எந்தக் குறியீட்டைத் தேர்ந்தாலும் மருத்துவரின் குறிப்பு செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடாது. ‘ஆபத்தான பாலியல் நடத்தை உண்டு’ என்ற ஒற்றை வரியையும், துணைவர்கள், உறவின் வகை, தொற்றுத் தடுப்பு, முந்தைய தொற்றுகள், கருத்தரிப்பு விருப்பம் என்ற ஐந்து தலைப்புகளில் கேட்டு எழுதிய குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். தொண்டையிலும் மலக்குடலிலும் இருக்கும் கொனோரியா, கிளமிடியா தொற்றுகளைச் சிறுநீர்ச் சோதனை காட்டாது. உறவின் வகையைக் கேட்டு எழுதியிருந்தால்தான் எங்கிருந்து மாதிரி எடுப்பது என்று தெரியும். முதல் வரியை நம்பிச் சிறுநீரை மட்டும் சோதித்து அனுப்பினால், தொற்றோடு ஒருவர் வீடு திரும்பக்கூடும்.

குறிப்பை யார் படிப்பார்கள் என்பதும் தேர்வில் இடம்பெற வேண்டும். 2021 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளால் அமெரிக்க நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகளை உடனுக்குடன் மின்வழியில் படிக்க முடிகிறது. 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்க முடியும் என்பதால், அந்த இளைஞர்கள் பெற்ற சேவையைப் பற்றிய காப்பீட்டு அறிக்கை பெற்றோர் கைக்குப் போகவும் வாய்ப்புண்டு. தன்னைப் பற்றிய தீர்ப்பைப் படித்த நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்லத் தயங்குவார். ‘ஆறு மாதங்களில் மூன்று துணைவர்கள், ஆணுறை சில வேளைகளில் மட்டும்’ என்ற வரியில் தீர்ப்பு இல்லை. மருத்துவத்துக்கு வேண்டிய செய்தி முழுதும் இருக்கிறது.

எனவே வரிசை இப்படி அமைவதே பொருத்தம்: பிரெப் வருகை என்றால் இசட்29.81 முதலில், குறிப்பிட்ட தொடர்பு சொல்லப்பட்டிருந்தால் இசட்20.2 அல்லது இசட்20.6, வழக்கமான சோதனை என்றால் இசட்11.3, இசட்11.4, இவற்றுக்குத் துணையாக மட்டும், நடத்தை தெளிவாக எழுதப்பட்டிருக்கும்போது இசட்72.5 வரிசை. குறிப்பில் ஈர்ப்பு மட்டும் இருந்து நடத்தை எழுதப்படவில்லை என்றால், குறியீட்டாளர் மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியும் ‘ஆபத்தான நடத்தை என்று சேர்க்கலாமா’ என்று விடையை ஊட்டுவதாக இல்லாமல், ‘இந்த வருகையில் மதிப்பிடப்பட்ட ஆபத்துக் காரணிகள் ஏதேனும் இருந்தால் தெளிவுபடுத்தவும்’ என்று திறந்த கேள்வியாக இருக்க வேண்டும்.