கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் செய்வித்த ஒலிபெருக்கிப் பெட்டிகள்: ஒரு திருவிழாப் பருவத்துக்குப் பிறகு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பதினாறு ஆண்டுகளாக மைக் செட் வாடகைக்கு விட்டு வருகிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக எல்லையின் இரு பக்கத்துக் கோயில்களுக்கும் எங்கள் வண்டி போய் வருகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே வைக்க வேண்டும் என்று காவல் நிலையத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே நல்ல பெட்டிகள் எங்களுக்கு அன்றாடத் தேவை. பெரிய நிறுவனங்களின் பெட்டிகளை வாங்க என் முதலீடு போதாது என்பதால், யூனிட்டுகளை (கோனும் காந்தமும் சேர்ந்த ஒலிப்பான்களை) மட்டும் தனியே வாங்கி, சித்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு மரப்பட்டறையில் தாழ்ந்த ஒலிக்கு 18 அங்குல பேஸ் பாக்ஸ் இரண்டும், குரலுக்கும் மேல் ஒலிக்கும் 15 அங்குல டாப் இரண்டும் செய்வித்தேன். ஒரு திருவிழாப் பருவம் முழுவதும் அவற்றை ஓட்டிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் மரத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாவூரிலிருந்து வரும் 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு தரங்களை எனக்குக் காட்டினார்கள். விலை குறைந்த பலகையின் விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தபோது, நடு அடுக்குகளில் விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அத்தகைய பொந்து பெட்டிக்குள் அகப்பட்டால் குறிப்பிட்ட சுருதியில் அது தனியாக அதிரும். பிறகு எந்த ஈக்வலைசரும் அதைச் சரிசெய்யாது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பலகையை எடுத்தோம். எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்று ஏறத்தாழ 35 கிலோ வரும் என்பதால் யூனிட்டோடு சேர்த்து ஒரு பேஸ் பாக்ஸ் 45 கிலோ அளவில் நிற்கிறது. தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். இந்த எடையை நான் குறையாகக் கருதவில்லை.

மூலைகளில் காடி எடுத்து, ஃபெவிகால் ஊற்றி, திருகாணி முடுக்கி, ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப் போட்டு வைத்திருந்தார்கள். பக்கப் பலகைகளுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கொடுத்த இடத்தையும் கொடுக்காத இடத்தையும் கைமுட்டியால் தட்டிப் பார்த்தால், முதலாவது கல்லைத் தட்டியது போலவும் இரண்டாவது தகரடப்பாவைத் தட்டியது போலவும் கேட்டது. நான் கேட்காமலேயே ஆசாரி அந்த இரண்டாவது இடத்துக்கும் ஒரு சட்டம் அடித்தார். அவருடைய கைவேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. பெட்டியின் கொள்ளளவும் காற்று வெளியேறும் துவாரத்தின் நீளமும் யூனிட்டின் தன்மையைப் பொறுத்து அமைய வேண்டியவை. நெவில் தீல் 1961இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட ஆய்வும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கியதும்தான் இன்றுவரை இந்தக் கணக்குக்கு அடிப்படை. யூனிட்டோடு வந்த தாளில் இருந்த எண்களை வைத்து, ஏறத்தாழ 170 லிட்டர் காற்றுக்கு, பெட்டி இயல்பாக அதிரும் சுருதி 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) என்று நான் கணக்கிட்டு, 500 சதுர செ.மீ. பரப்பும் 37 செ.மீ. நீளமும் உள்ள துவாரம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டறையிலோ பல ஆண்டுகளாகப் பயன்படும் பழைய அச்சை வைத்து 22 செ.மீ. நீளத்திலேயே அதை வெட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இதை நாங்கள் கண்டுபிடித்தது பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு. அதற்குக் காரணம் ஆசாரியே. "அண்ணா, பெயிண்ட் அடிச்சுட்டா அப்புறம் கழட்ட மனசு வராதுங்க, இப்பவே ஒருக்கா ஓட்டிப் பார்த்துருங்க" என்று அவர்தான் சொன்னார். மரத்தூள் நிறைந்த அந்தத் தரையிலேயே ஆம்ப்ளிஃபயரை இறக்கினோம். 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, கைப்பேசியிலிருந்து தூய ஒற்றைச் சுருதியைக் கொடுத்து, யூனிட்டின் இரு முனைகளிலும் மல்ட்டிமீட்டரை வைத்தேன். துவாரம் உள்ள பெட்டியில் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு யூனிட் காட்டும் தடை) இரண்டு மேடுகளாக ஏறி, நடுவில் ஒரு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளம் விழும் இடமே பெட்டியின் சுருதி. 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தபோது மீட்டரின் எண் மெல்ல இறங்கி, 47இல் அடியைத் தொட்டு, மீண்டும் ஏறத் தொடங்கியது. 40இல் இருக்க வேண்டிய பள்ளம் அது.

மீட்டரை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்று, கோனின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன். 60 ஹெர்ட்ஸில் அந்தப் புள்ளி ஒரு கோடாக நீண்டு மங்கியது. 47க்கு வந்ததும் கோன் அசையாமல் நின்று, புள்ளி வைத்தது வைத்தபடி தெளிவாகத் தெரிந்தது. அதே வேளையில் துவாரத்தின் வாயில் பிடித்திருந்த கையில் காற்று பளீரென்று அடித்தது. பெட்டியின் சுருதியில் ஒலியைத் துவாரமே சுமக்கிறது, கோன் ஓய்வு கொள்கிறது என்று படித்திருந்த எனக்கு, அந்த ஒரு புள்ளி அதைக் கண்முன் நிறுத்தியது. ஆசாரியும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் துவாரப் பலகையை உள்ளே 15 செ.மீ. நீட்டி ஒட்டினார்; கூடுதல் கூலி கேட்கவில்லை. மறுநாள் அளந்தபோது பள்ளம் 40இல் விழுந்தது.

இந்த ஏழு ஹெர்ட்ஸுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பெட்டியின் சுருதிக்குக் கீழே போனால் துவாரத்துக் காற்று கோனைத் தாங்குவதை விட்டுவிடும். கோன் கட்டுப்பாடில்லாமல் முன்னும் பின்னும் பாய்ந்து, அதை ஆட்டும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) அடிபட்டுப் போகும். சில நிகழ்ச்சிகளில் 40 ஹெர்ட்ஸை ஒட்டிய அடித்தட்டல் ஓயாமல் வரும். 47இல் நின்ற பெட்டிக்கு அது ஆபத்தான இடம். இப்போதும், ஒலியைத் தாழ்வு உயர்வு என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டே ஓட்டுகிறேன். பேஸ் பாக்ஸ் வைத்திருக்கும் எவரும் இந்த வெட்டு இல்லாமல் ஓட்டவே கூடாது.

காற்றுக் கசிவை ஊதுபத்தி கொண்டு பார்த்தோம். மூலைகளில் புகை நேராக எழுந்தது. கைப்பிடிக் குழியின் ஓரத்தில் மட்டும் நடுங்கியது. ரப்பர் நாடா வைத்ததும் சரியாயிற்று. 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, நான்கு கோன்களும் ஒரே திசையில் வெளியே தள்ளுகின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம்.

டாப் பெட்டிகளின் ஒலியில் திருப்தியே. ஆனால் ஸ்டாண்ட் ஏறும் 35 மி.மீ. குழியை அடிப்பலகையின் நடுமையத்தில் வைத்துவிட்டார்கள். காந்தமும் உயர்ந்த ஒலிக்கான ஹாரனும் முன்பக்கம் இருப்பதால் எடை முன்னால் சாய்கிறது. ஸ்டாண்டில் ஏற்றியதும் பெட்டி கூட்டத்தை நோக்கிக் குனிகிறது. குழந்தைகள் முன்வரிசையில் உட்காரும் இடங்களில் இது எனக்குப் பெரும் கவலை. பின்புறம் கயிறு கட்டாமல் நான் அவற்றை நிறுத்துவதில்லை. செய்யக் கொடுப்பவர்கள், யூனிட்டுகளைப் பொருத்தி, பெட்டியை ஒரு குழாயின் மேல் வைத்து எடை மையத்தைக் கண்டபின் குழி வெட்டச் சொல்லுங்கள்.

களத்தில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஒரு டாப்பின் உணர்திறன் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல். 400 வாட் கொடுத்தால் கணக்குப்படி 123. தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும் என்பதால், திறந்த வெளியில் 32 மீட்டரில் 93 அளவு வரும். மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் பனைமரங்கள் சூழ்ந்த ஒரு திடலில் வைத்தபோது, கடைசி வரிசையிலும் பூசாரியின் சொல் உடையாமல் கேட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வீசிய ஒரு மாலையில் மட்டும் பின்வரிசையில் குரல் தேய்ந்தது. காற்றுக்கு எதிராகப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுகிறது, இதற்குப் பெட்டி பொறுப்பில்லை. பெட்டிகளைக் காற்று வரும் பக்கத்துக்கு மாற்றி, அது வீசும் திசையை நோக்கி வைத்ததும் குரல் திரும்பி வந்தது.

இவ்வளவு சக்தி கையில் இருக்கும்போது எல்லையும் நினைவில் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபல், அல்லது அந்தப் பகுதிக்கு விதித்த சுற்றுப்புற ஒலி அளவைவிட 10 கூடுதல், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. திடலின் வேலியோரம் நின்று அளந்த பிறகே மிக்சரில் குறி வைக்கிறேன்.

மரம் நீங்கலாக, ஒரு பேஸ் பாக்ஸுக்குக் கூலியாக 4,500 ரூபாயும் ஒரு டாப்புக்கு 3,000 ரூபாயும் கொடுத்தேன். வேலைக்கு ஏற்ற கூலிதான். சொன்ன தேதியிலிருந்து 18 நாள் தாமதமானது. மழையில் பெயிண்ட் காயவில்லை என்றார்கள், அது உண்மையும்கூட. தை பிறந்தால் அங்கே வரிசை நீண்டுவிடும் என்பதால் ஐப்பசிக்குள் பலகையை இறக்கிவிடுவது நல்லது. துவாரத்தின் நீளத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்த அளவுக்கு ஒரு குச்சியை நறுக்கி ஆசாரியின் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். என்னுடைய அடுத்த இரண்டு பெட்டிகளுக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.