கிளட்சா, டிரான்ஸ்ஃபர் கேஸா, முன் ஹப்பா? பழைய ஃபோர் வீல் டிரைவின் நறநறப்பும் நழுவலும்

பழைய ஜீப்பையோ கிப்ஸியையோ பட்டறையில் நிறுத்தி, "நறநறவென்று சத்தம் வருகிறது, இழுக்கும்போது நழுவுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். சென்னையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கிளட்ச் போயிருக்கும் சார், மாற்றிவிடலாம்." அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வடபழனியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் அரை கிளட்சிலேயே ஊர்ந்து பழகிய வண்டிக்கு பிளேட் தேய்வது இயல்பு. கிளட்ச் மாற்றுவது எல்லாப் பட்டறைக்கும் கைவந்த வேலை. கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து, சரியாக மூடத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த வேலையின் பக்கமே சந்தேகமும் சாய்கிறது.

ஆனால் நறநறப்பு ஒரு புகார், நழுவல் இன்னொரு புகார். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: நழுவல் எந்த நிலையில் வருகிறது? பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ-ஹையிலா, நான்கும் இழுக்கும் ஃபோர்-ஹையிலா, நான்கும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்கும் ஃபோர்-லோவிலா?

இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கக் காரணம் உண்டு. ஃபோர்-லோவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இழுவையைப் பெருக்கிக் கொடுப்பதால், அதே மேட்டை ஏற கிளட்சின் மேல் விழும் பாரம் குறைகிறது. எனவே சோர்ந்துபோன கிளட்ச் முதலில் காட்டிக்கொடுப்பது டூ-ஹையில், மேல் கியரில். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்காவது கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் உறுமல் உடனே ஏறி வண்டியின் வேகம் பின்தங்கினால் கிளட்ச்தான். அங்கே கெட்டியாகப் பிடித்து இழுத்த வண்டி, சேற்றில் ஃபோர்-லோ போட்டதும் நழுவுகிறது என்றால் கிளட்சைக் குறை சொல்ல வழியே இல்லை.

கிளட்சின் மேல் குற்றம் சாட்டும்போது

கிளட்ச் நழுவினால் வாடை வரும். கருகிய அந்த நெடியை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். ஐயம் இருந்தால், சமதரையில் கால் பிரேக்கை அழுத்தி, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. இதை ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் போய்விடும்.

அப்போதும் உடனே பிளேட் வாங்க ஓட வேண்டாம். கிப்ஸி போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் மிதியின் தொடக்கத்தில் சிறிது வெறும் அசைவு இருக்க வேண்டும். கேபிளை அதிகமாக முறுக்கி அந்த அசைவே இல்லாமல் செய்துவிட்டால், நல்ல பிளேட்டும் நழுவும். ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை அது. எஞ்சினின் பின் ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தால் கதை வேறு. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே செலவு மறுபடி வரும்.

சத்தத்தைப் பொறுத்தவரை கிளட்ச் மிதியே ஒரு நல்ல சாட்சி. நியூட்ரலில் வரும் உறுமல், மிதியை அழுத்தினால் நின்றுவிடுகிறதா? கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்கைப் பாருங்கள். அழுத்தினால்தான் வருகிறதா? கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ரிவர்ஸ் போடும்போது நறநறப்பு என்றால், மிதியை முழுக்க அழுத்திச் சில நொடிகள் காத்திருந்து போட்டுப் பாருங்கள். அப்போதும் பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ்: ஓடாமல் கெடும் பெட்டி

சென்னையின் டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் உழைத்துக் கெடுவதை விட உழைக்காமல் கெடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. மேடு பள்ளம் இல்லாத ஊர் இது. நவம்பர், டிசம்பரில் தெருவில் தண்ணீர் நிற்கும்போதுதான் பலருக்கு ஃபோர் வீல் போடும் அந்த இரண்டாவது லிவரின் நினைவே வருகிறது. உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க்கும், அதை நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கும் மாதக்கணக்கில் அசையாமல் இறுகிக் கிடக்கும். அந்த நிலையில் லிவர் பாதி தூரம்தான் போகும், பற்கள் நுனியோடு நுனி கவ்வும், பாரம் ஏறியதும் தெறித்து விலகும். ஓட்டுபவருக்கு அது நழுவல், காதுக்கு அது நறநறப்பு.

கிளட்ச் நழுவலோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. கிளட்ச் படிப்படியாகக் கைவிடும், வாடையோடு கைவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சட்டென்று விடும், வாடை வராது. பல நேரம் லிவரே நியூட்ரலுக்குக் குதித்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். செயின் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸில் செயின் தளர்ந்திருந்தால், பாரம் ஏறும்போது ‘கடக் கடக்’ என்று பல் தாண்டும். லிவர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வண்டிக்கு வண்டி பலவீனம் மாறும். 1985-இல் வந்த மாருதி கிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் தனியாக, ரப்பர் மவுன்ட்களில் தொங்குகிறது. இரண்டையும் ஒரு குட்டி ஷாஃப்ட் இணைக்கிறது. ரப்பர் கிழிந்தால் பெட்டியே பாரத்தில் முறுக்கிக்கொண்டு லிவரை வெளியே தள்ளும். உள்ளே பல்லெல்லாம் புதிதுபோல இருக்க, வெளியே ஒரு ரப்பர் துண்டு செய்கிற வேலை இது. கீழே படுத்து ஒரு கடப்பாரையால் நெம்பிப் பார்க்காமல் கிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்கவே கூடாது.

பழைய மஹிந்திரா ஜீப்புகளில் அந்தப் பெட்டி கியர்பாக்ஸின் முதுகோடு ஒட்டியிருக்கும். இடையிலுள்ள சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதற்கு நடக்கும். ஒரு பக்கம் அளவுக்கு மேல், மறு பக்கம் வறட்சி. கீழே ஒரு சொட்டுகூட விழாததால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு லெவல் பிளக்கையும் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. அந்தக் காலத்து ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம்மே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருக்கும். அது முழுதாக விடுபடாமல் உரசினால் வரும் சத்தமும் சூடும், பெட்டிதான் போய்விட்டது என்று நம்ப வைக்கும்.

முன் ஹப்: மலிவான குற்றவாளி

ஃபோர் வீல் போட்டும் பின் சக்கரம் மட்டும் மண்ணை வாருகிறது, முன்னால் ‘டர்ர்’ என்று உரசல். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொடுவதற்கு முன்னால், முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்த்தும் பிரித்தும் விடும் ஹப்பைப் பாருங்கள். வண்டியை நியூட்ரலில், டூ-ஹையில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்குங்கள். கையால் திருகும் ஹப்பை ‘லாக்’கில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே ஆக்ஸில் ஷாஃப்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். ‘ஃப்ரீ’யில் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பல் உரசினால் கோளாறு கைக்குக் கிடைத்துவிட்டது. பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருக்கும், அல்லது வேளச்சேரி வெள்ளத்தில் முங்கி உள்ளே துரு ஏறியிருக்கும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தாலே பாதி ஹப்கள் உயிர் பெறும். மாதம் ஒரு முறை மண் தரையில் கொஞ்ச தூரம் ஃபோர் வீலில் ஓட்டினால் இந்த வேலையே வராது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். வளைவில் மட்டும் முன்பக்கம் ‘டக் டக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். கிளம்பும்போது ஒரே ஒரு ‘டங்’ என்றால் ஷாஃப்டின் முனையிலுள்ள யூ.ஜே. கிராஸ். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்று ஊளையிட்டால் ஆக்ஸிலின் நடுவிலுள்ள கிரவுன் பினியன் கியர்கள்.

கோளாறே இல்லாத ஒரு கோளாறும் உண்டு. தெருத்தண்ணீரில் ஃபோர்-ஹை போட்டவர், காய்ந்த தார்ச்சாலைக்கு வந்த பிறகும் எடுக்க மறந்திருப்பார். இந்த வகை வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே, வேக வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும், பின்னவை விடாது. டயர் கிறீச்சிடும், வண்டி இழுத்துப் பிடிக்கும், லிவர் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் நேராகப் பின்னால் எடுத்தால் விடுபடும். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டயர் போட்டிருந்தால் நேர்ச்சாலையிலேயே இது நடக்கும்.

ஆயில் சொல்வது

எந்தப் பெட்டியைத் திறப்பது என்று முடிவு செய்ய ஆயிலை வடிப்பதே கடைசிச் சோதனை. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேயுங்கள். மை போலச் சாம்பல் நிறத்தில் வழுவழுத்தால் அது வழக்கமான தேய்மானம். நெருடினால் கவலை. ஊசி போன்ற துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் கியர்பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கரைகின்றன. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர். சூடான ஹவுசிங் வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, காற்றுப் போக்கியான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2015 டிசம்பரிலும் 2023-இன் மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற வண்டியை வாங்குகிறவர், எஞ்சினை விட முதலில் இந்த ஆயில்களைப் பார்ப்பது நல்லது.

திரும்ப ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். செயின் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். ஆயில் வேண்டும், தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் அல்ல. டிஃபரென்ஷியலுக்கான ஜி.எல். 5 ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றினால் பழைய பித்தளை சின்க்ரோவுக்கு ஆகாது, அங்கே ஜி.எல். 4 தான்.

ஜி.பி. ரோடா, புதுப்பேட்டையா?

டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் என்று உறுதியான பிறகு சென்னைக்காரருக்கு இரண்டு பாதை. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பேரிங், சீல், ஃபோர்க், ஸ்பிரிங் என்று புதிதாக வாங்கி இருக்கும் பெட்டியையே சீரமைக்கலாம். அல்லது பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் முழுப் பெட்டியாகப் பழையதை வாங்கி மாட்டலாம். பல் உடையாத வரை நான் முதலாவதையே சொல்வேன். பழைய பெட்டியை மாட்டினால் வேறொருவர் வண்டியின் வரலாற்றை விலைக்கு வாங்குகிறோம், பேரிங்கும் சீலும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். உள் கியரே சிதைந்து, புதிய கியர் கிடைக்காத மாடல் என்றால் மட்டும் புதுப்பேட்டை. அங்கே இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு நிலையிலும் லிவரைப் போட்டு, முன், பின் இரண்டு அவுட்புட்டும் எப்போது சுற்றுகின்றன, எப்போது நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். பின் மூடியைக் கழற்றிப் பல்லைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுக்கும் கடையிலும், பில் தர மறுக்கும் கடையிலும் வாங்க வேண்டாம்.

முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டையே கழற்றிவிட்டு டூ வீல் டிரைவாக ஓட்டலாம் என்று மூன்றாவது பாதை ஒன்றையும் சிலர் சொல்வார்கள். ஜீப்பிலும் கிப்ஸியிலும் தற்காலிகமாக அது நடக்கும். 2000-களின் பிற்பகுதியில் வந்த பழைய கிராண்ட் விட்டாரா போன்ற முழுநேர ஃபோர் வீல் டிரைவில் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால், அதை லாக் செய்யாவிட்டால் இழுவையெல்லாம் ஷாஃப்ட் இல்லாத பக்கமே போய், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.