டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுப்போர் கவனத்திற்கு

கனடாவின் யூகான் பிரதேசத்தில், வைட்ஹார்ஸ் நகரில் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் வடக்கே போகத் திட்டமிடும் குடும்பங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தக் கோடையில் எங்களுக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாது.

டாசன் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் பிரிந்து இனுவிக் வரை 700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் சரளைச் சாலை இது. அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் உருகிவிடாமல் இருக்கக் கல்லையும் சரளையையும் கனமாகக் கொட்டி எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கற்சில்லுகளின் விளிம்பு டயரைக் கிழிக்கும். சாலை தொடங்கும் இடத்திலிருந்து 369ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் வரை பெட்ரோல் கிடையாது, கைப்பேசி சிக்னலும் கிடையாது. வைட்ஹார்ஸில் வண்டி வாடகைக்கு விடும் எவருக்கும் இது தெரியும். அதனால்தான் பல நிறுவனங்கள் இந்தச் சாலைக்குத் தங்கள் வண்டியை அனுப்புவதே இல்லை.

நாங்கள் போன நிறுவனம் அனுப்பியது. நாளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பியது. டயர் போனால் என்ன செய்வது என்று என் மனைவி கேட்டதற்கு, எல்லாம் அந்தக் கட்டணத்தில் அடங்கும், கவலை வேண்டாம் என்றார் அங்கிருந்தவர். ஸ்டெப்னியைக் காட்டச் சொன்னோம். அது வண்டிக்கு அடியில் இருக்கிறது, சரிபார்த்தாகிவிட்டது என்று பட்டியலில் போட்டிருந்த குறியைக் காட்டினார். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்திச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

டூம்ஸ்டோன் பூங்காவிலிருந்து காலையில் கிளம்பினோம். மரமே இல்லாத மலைகள், இரும்புச் சத்தால் செந்நிறம் ஏறிய எஞ்சினியர் ஓடை. என் மாமனார் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. ஓகில்வி ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறும்போது பின் இரட்டைச் சக்கரங்களில் வெளிப்பக்க டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் பக்கவாட்டு முழுவதும் வெடிப்புகள். டயரில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். எங்கள் ஸ்டெப்னி 2009இல் தயாரானது! கூடவே வைத்திருந்த ஜாக்கி சின்னக் காருக்கானது. ஸ்பேனரோ அந்த நட்டுகளுக்குப் பொருந்தவே இல்லை.

கொசுக்கூட்டம் ஒருபுறம். அதைவிடப் பெரிய கவலை மாமாவின் இன்சுலின். இத்தகைய வண்டிகளில் கேஸில் ஓடும் குளிர்பெட்டி சமதளத்தில் நின்றால்தான் சரியாக வேலை செய்யும். எங்கள் வண்டியோ ஒருபக்கம் சாய்ந்து நின்றது. “எனக்கு ஒன்றும் ஆகாது மாப்பிள்ளை, பதறாதீர்கள்” என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். நீண்ட நேரம் கழித்து இனுவிக்குக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் தன்னுடைய ஜாக்கியை எடுத்து வந்து டயரை மாற்றிக் கொடுத்தார். நீட்டிய பணத்தை வாங்கவே இல்லை. அவர் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அந்தக் கிழட்டு டயரில் ஊர்ந்து ஈகிள் பிளெயின்ஸ் சேர்ந்தோம். அங்குள்ள பட்டறையில் வேறு டயர் வாங்கிப் போட்டுக்கொண்டு, விடுதித் தொலைபேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்தோம். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதற்கும் காப்பீடு பொருந்தாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் நாள்தோறும் வாங்கிய கட்டணம் எதற்கு? அந்தச் சாலையில் போவதற்கான அனுமதிக்கு மட்டும்தானாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் போட்ட புது டயர் தங்கள் தரத்தில் இல்லை என்று இன்னொரு டயருக்கு விலை, சேறு கழுவக் கூலி, முன் கண்ணாடியில் கல் பட்ட தடத்துக்குத் தொகை. அந்தத் தடம் வண்டியை எடுத்த அன்றே இருந்தது. என் மனைவி எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டியதும், மறுபேச்சில்லாமல் பில்லில் அந்தத் தொகையை மட்டும் அடித்துவிட்டார்கள். படம் இல்லாதவர்களிடம் இதே தடத்துக்கு எத்தனை முறை வசூலித்திருப்பார்களோ!

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பி வழிதவறி இறந்த நான்கு காவலர்களின் உடல்களை 1911இல் தேடிக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற காவலர். அவர் பெயரைத் தாங்கிய சாலைக்கு, வெடிப்பு விட்ட ஸ்டெப்னியோடு ஒரு முதியவரையும் ஏற்றி அனுப்பிய மனசாட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போகிறவர்கள், எத்தனை பேர் பின்னால் காத்திருந்தாலும் சரி, ஸ்டெப்னியைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு கேளுங்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டிப் பாருங்கள். தனிக் கட்டணம் கேட்டால் அதில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். கிரெடிட் கார்டு வங்கியில் நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.