டேப்பா, மீட்டரா, சர்வேயரா: பங்கர் ஏற்றும்போது யார் அளவை நம்ப?

பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒன்று இருக்கும். எடையளவுத் துறை முத்திரை குத்தினது. சந்தேகம் வந்தால் யாரும் கேட்டுப் பிடித்துப் பார்க்கலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. அதாவது அரை சதவீதம். பாளையங்கோட்டையில் இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த ஒருத்தரைக்கூட நான் கண்டதில்லை. கேட்டால் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான்.

கப்பலுக்கு எரிபொருள் எண்ணெய் ஏற்றுவதைத்தான் பங்கர் என்கிறோம். பெரும்பாலும் பார்ஜ் என்கிற எண்ணெய்ப் படகு பக்கத்தில் வந்து ஏற்றும். அங்கே பின்னால் வரிசை கிடையாது. ஆனால் முத்திரை குத்தின பாத்திரமும் பெரும்பாலான துறைமுகங்களில் கிடையாது. 500 டன் வாங்கினால் அரை சதவீதம் என்பது 2.5 டன். டன் 500 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 1250 டாலர். இரண்டு சதவீதம் குறைந்தால் 10 டன், 5000 டாலர், ஒரே ராத்திரியில்.

இதை எழுத வைத்தது என் அக்கா மகன். ஃபோர்த் இன்ஜினியராக முதல் கப்பல். அமீரகத்து ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறார்கள். ராத்திரி போன் பண்ணினான். “மாமா, நாளைக்கு விடியக்காலை பங்கர். சர்வேயர் வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். பார்ஜ்ல மீட்டர் இருக்கு, அது போதும்ங்காங்க. போதுமா?”

சர்வேயர் என்பது அளவைச் சரிபார்க்கக் கூலிக்கு வருகிற வெளி ஆள். போதும், போதாது என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை. தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரிப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இன்று இன்ஜின் ரூமில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

பங்கர் என்ற பேரைப் பற்றி ஒரு வரி. வ.உ.சி. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி காலியா, லாவோ கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த காலத்தில் கப்பல் தின்றது கரி. கரி கொட்டி வைக்கும் அறைக்குப் பேர்தான் பங்கர். கரி போய் எண்ணெய் வந்தது, பேர் போகவில்லை.

டேப் போட்டு நாமே அளப்பது

செலவில்லாத வழி. பார்ஜின் ஒவ்வொரு டாங்கிலும் டேப் இறக்கி மட்டம் பார்க்கிறோம். பார்ஜ் முன்னே பின்னே சாய்ந்திருப்பதற்கு ட்ரிம் திருத்தம் போடுகிறோம். அந்தந்த டாங்குக்குரிய அட்டவணையில் கன அளவு எடுக்கிறோம். வெப்பநிலை பார்த்து 15 டிகிரிக்கு மாற்றுகிறோம். அதை அடர்த்தியால் பெருக்கினால் டன். ஏற்றி முடிந்ததும் இதையே இன்னொரு தடவை செய்து கழித்தால் வாங்கினது எவ்வளவு என்று தெரியும்.

அளப்பது கன அளவை, காசு கொடுப்பது எடைக்கு. இடையில் இருக்கிற ஒவ்வொரு படியிலும் ஒரு கை நுழைய இடம் உண்டு. எண்ணெய் நிஜத்தில் 45 டிகிரியில் இருக்க, காகிதத்தில் 40 என்று எழுதினால் என்ன ஆகும்? கனமான எண்ணெய் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் விரியும். ஐந்து டிகிரிக்கு 0.35 சதவீதம். 500 டன்னில் 1.75 டன் காற்றில் போயிற்று. தெர்மாமீட்டரை நாமே இறக்கிப் பார்த்தால் ஒழிய இது வெளியே வராது.

அடர்த்தி இன்னும் மோசம். பார்ஜ்காரர் தருகிற டெலிவரி நோட்டில் கனமீட்டருக்கு 985 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். நிஜத்தில் 975 என்றால் நூற்றுக்கு ஒன்று போச்சு. 500 டன்னில் 5 டன். டேப் சரி, டெம்பரேச்சர் சரி, கணக்கு சரி, ஆனாலும் 5 டன் குறைவு. லேப் ரிப்போர்ட் வருகிற வரை யாருக்கும் தெரியாது.

அப்புறம் நுரை. உடன்குடிப் பக்கம் பதநீர் வாங்கினவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தூக்கி ஊற்றினால் சொம்பு நிறைந்த மாதிரி இருக்கும். நுரை அடங்கினால் முக்கால் சொம்பு. பார்ஜில் எண்ணெய்க்குள் காற்றை அடித்து விட்டால் அதே கதை. கப்பல்காரர்கள் இதற்குக் கப்புச்சினோ பங்கர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்களைக் கேட்டிருந்தால் பதநீர் பங்கர் என்றே வைத்திருப்போம். நான் ஃபோர்த்தாக இருந்தபோது ஒரு துறைமுகத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கு, டேப்பை இழுத்தால் கறுப்பு எண்ணெய்க்கு மேலே குமிழ் குமிழாக ஒட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயசு. தூக்கம். ‘எப்பவும் இப்படித்தான் இருக்கும் தம்பி’ என்று பார்ஜ்காரர் சிரித்தார், நானும் சிரித்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மத்தியானம் எங்கள் டாங்கில் மட்டம் இறங்கியிருந்தது. சீஃப் இன்ஜினியர் என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

நாமே அளப்பதில் பெரிய குறை அறிவுக்குறைவு அல்ல, ஆள் பற்றாக்குறைதான். எண்ணெய் ஏறும்போது நம் டாங்குகளையும் பார்க்க வேண்டும், வால்வு மாற்ற வேண்டும், பொங்கி வழிந்து கடலில் கொட்டாமல் காவல் காக்க வேண்டும். பார்ஜில் காலி என்று சொன்ன டாங்க் காலியா என்று போய்ப் பார்க்க யாருக்கு நேரம்?

மீட்டர்

மாஸ் ஃப்ளோ மீட்டர் என்கிற கருவி கன அளவை விட்டுவிட்டு எடையையே நேரடியாக அளக்கும். அதிர்கிற குழாய்க்குள் எண்ணெய் ஓடும்போது குழாய் முறுகும். அந்த முறுகலிலிருந்து வினாடிக்கு எத்தனை கிலோ என்று சொல்லிவிடும். டெம்பரேச்சர் பொய், அடர்த்திப் பொய், ட்ரிம் பொய் எல்லாம் ஒரே அடியில் செத்துப் போகும். சிங்கப்பூர் 2017 ஜனவரி 1 முதல் ஃபியூயல் ஆயிலுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2019 ஜூலை முதல் டீசல் வகைகளுக்கும். அங்கேயும் அனுமதித்த பிழை அரை சதவீதம்தான், நம்மூர் 5 லிட்டர் பாத்திரம் மாதிரியே. ராட்டர்டாமும் ஆன்ட்வெர்ப்பும் 2026 முதல் கட்டாயத்துக்கு வந்திருக்கின்றன.

எனக்கு மீட்டர்தான் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரில் மீட்டரை நம்பத்தக்கதாக்குவது அந்தக் குழாய் மட்டும் இல்லை. சீல் வைப்பது, பார்ஜின் குழாய் வழிகளைச் சரிபார்ப்பது, உரிமத்தைப் பிடுங்குவது எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. அத்தனையும் இருந்தே 2019இல் காந்தம் வைத்து மீட்டரை ஏமாற்றின விவகாரம் அங்கே வெளியே வந்தது. அந்த ஏற்பாடு இல்லாத துறைமுகத்தில் ‘எங்க பார்ஜ்லயும் மீட்டர் இருக்கு சார்’ என்று சொன்னால், அது முத்திரை இல்லாத தராசு. நல்ல தராசாகவே இருக்கலாம். யார் சொன்னது என்பதுதான் கேள்வி.

அப்படிப்பட்ட இடத்தில் சில விஷயங்களை நாமே பார்த்துக்கொள்ளலாம். சீல் நம்பர்கள் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா. தொடங்குமுன் எண்ணெய் நிற்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா. மீட்டரைத் தாண்டிப் போகிற பக்கவழிக் குழாய் ஏதும் திறந்திருக்கிறதா. மீட்டர் காட்டுகிற அடர்த்தி திடீரென்று சரிந்தால் காற்று கலந்து வருகிறது என்று அர்த்தம். மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

லாரி

தூத்துக்குடிக்காரனாக இதைச் சொல்லாமல் விட முடியாது. கொஞ்சம் டீசல்தான் வேண்டும் என்றால் டாங்கர் லாரி கப்பலோரம் வந்து குழாய் போட்டுவிடும். எடைமேடையில் ஏற்றும்போது ஒரு சீட்டு, காலியாகத் திரும்பும்போது ஒரு சீட்டு. உப்பு லாரிக்குச் செய்கிற கணக்குதான். எண்ணெய் அளவில் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியாது, காலி லாரியின் சீட்டையும் கேட்டு வாங்கினால். 20 டன், 40 டன்னுக்குச் சரி. 500 டன்னுக்கு 25 லாரி நிற்க வேண்டும். கேப்டன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சர்வேயர்

சர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்து வயல் அளக்க வருகிறவர் என்றே என் அம்மா கடைசி வரை நினைத்திருந்தாள். ரொம்பத் தப்பில்லை. இரண்டு பங்காளிக்கு நடுவே வரப்பு எங்கே என்று சொல்லுகிற ஆள்தான் இவரும்.

கூலி சில நூறு டாலர். அதற்கு அவர் செய்வது: தொடங்கும் முன் பார்ஜின் எல்லா டாங்கையும், காலி என்று சொன்னதையும் சேர்த்து, அளக்கிறார். டேப்பின் நுனி வெட்டப்பட்டிருக்கிறதா, அட்டவணை இந்தப் பார்ஜுடையதுதானா என்று பார்க்கிறார். தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பேஸ்ட்டைத் தடவி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறார். நடுவில் இருந்து நுரையைக் கவனிக்கிறார். கடைசியில் மறுபடி எல்லாவற்றையும் அளக்கிறார். குறைந்தால் குழாயைக் கழற்றும் முன்பே மறுப்புக் கடிதம் எழுத வைக்கிறார்.

அவர் நம் கப்பலின் டாங்குகளையும் அளப்பார். இதைச் சொல்ல எங்கள் ஆட்களுக்குச் சங்கடம். சில சீஃப் இன்ஜினியர்கள் கணக்கில் வராத எண்ணெயைச் சட்டைப்பையில் வைத்திருப்பது உண்டு. பார்ஜ்காரரோடு பேசி, வாங்காத எண்ணெய்க்கு வாங்கினதாகக் கையெழுத்துப் போட்டுப் பணமாக வாங்குவதும் உண்டு. அந்த வித்தைகளை மீட்டர் மட்டும் முழுசாகக் கண்டுபிடிக்காது, கப்பல்காரர்களே அளப்பதும் கண்டுபிடிக்காது. வெளி ஆள் ஒருவர் வேண்டும்.

அந்த வெளி ஆளும் மனுஷன்தான். சிங்கப்பூரின் புலாவ் புக்கோம் தீவு ஆலை எண்ணெய்த் திருட்டு வழக்கில் லஞ்சம் வாங்கின சர்வேயர்கள் ஜெயிலுக்கே போனார்கள். லஞ்சம் வாங்காதவருக்கும் அது அன்றைக்கு மூன்றாவது கப்பலாக இருக்கும். இன்னொன்று, அவரை அனுப்பினது யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டைம் சார்ட்டரில், அதாவது கப்பலைக் காலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும்போது, எண்ணெய்க்குக் காசு கொடுப்பவர் வாடகைக்கு எடுத்தவர், இன்ஜின் கப்பல் முதலாளியுடையது. வாடகைக்காரர் அனுப்பின சர்வேயருக்குக் கவலை டன் எத்தனை என்பது. எண்ணெய் இன்ஜினைத் தின்னுமா என்பது முதலாளியின் கவலை. ஒரே ஆள் இரண்டு பேருக்கும் உழைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தரம்: மேலே சொன்ன யாராலும் ஆகாதது

எடை சரியாக வந்து எண்ணெய் கெட்டதாக இருந்தால் அத்தனை அளவும் வீண். தரத்துக்கு ஒரே சாட்சி ஸாம்பிள் பாட்டில். அது எங்கே எடுத்தது என்பதுதான் எல்லாம். கப்பலின் மேனிஃபோல்டில் (பார்ஜின் குழாய் வந்து இணைகிற வாய்), முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை சொட்டுச் சொட்டாக விழுந்து சேர்ந்ததே ஸாம்பிள். பார்ஜ்காரர் முன்கூட்டியே நிரப்பிக் கொண்டுவந்து நீட்டுகிற பாட்டில் அவர் வீட்டுப் பலகாரம். எங்கே சுட்டது என்று நமக்குத் தெரியாது. பாட்டில் நிறையும் முன்னே லேபிளில் கையெழுத்துக் கேட்டாலும் போடக் கூடாது.

மார்போல் என்கிற சர்வதேசக் கப்பல் மாசுத் தடுப்பு விதிப்படி ஒரு பாட்டில் கப்பலில் குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். டெலிவரி நோட் 3 வருஷம். கந்தகம் 2020 ஜனவரி முதல் 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், புகையைக் கழுவுகிற ஸ்க்ரப்பர் இருந்தால் தவிர. லேப் பார்க்கிற பட்டியலில் நான் முதலில் தேடுவது அலுமினியமும் சிலிக்கானும். பல கப்பல்கள் வாங்குகிற ஆர்.எம்.ஜி. ரகத்துக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம். சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சின தூள் அது; தேரிமணல் மாதிரி சிலிண்டரை அரைத்துவிடும்.

லேபும் எல்லாம் அறிந்ததில்லை. 2022இல் சிங்கப்பூரில் குளோரின் கலந்த சேர்மங்கள் உள்ள எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போனது. 80 கப்பல் அளவில் பம்பும் இன்ஜினும் தொல்லை கொடுத்தன. வழக்கமான சோதனைப் பட்டியலில் அது சிக்கவில்லை. தனிச் சோதனை செய்துதான் கண்டார்கள். அதனால் ரிப்போர்ட் வரும்வரை புது எண்ணெயைப் பழையதோடு கலக்காமல் தனி டாங்கில் வைப்பது, வந்த பிறகும் முதல் சில நாள் ஃபில்டரில் கண் வைப்பது என்பதைத்தான் நான் பழக்கமாக வைத்திருந்தேன்.

காசு குறைவாக இருந்தால் எதை வெட்டுவது? சிங்கப்பூர் மாதிரி இடத்தில் சர்வேயரை வெட்டலாம். மற்ற இடத்தில், 300 டன்னுக்கு மேல் என்றால் வெட்டமாட்டேன். 2 சதவீதத்தில் அவர் கூலி பல மடங்காகத் திரும்பிவிடும். லேபை எங்கேயும் வெட்டமாட்டேன். அடர்த்திப் பொய்யைக்கூடப் பிடித்துத் தருவது அதுதான், ஆனால் தரப் புகாருக்கு ஒப்பந்தத்தைப் பொறுத்து 7 நாளோ 15 நாளோ 30 நாளோ கெடு இருக்கும். கூரியரில் அந்த நாட்கள் கரையக் கூடாது. அளவுப் புகாருக்கு அந்த அவகாசத்தை நம்பி இருக்க முடியாது. மறுப்புக் கடிதம் எழுதாமல் குழாயைக் கழற்றி, பார்ஜ் விலகிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

மருமகனிடம் ராத்திரி சொன்னது இவ்வளவு இல்லை. தெர்மாமீட்டரை நீயே பிடி, மீட்டர் சீலைப் பார், சொட்டு ஸாம்பிள் விழுகிற இடத்தில் ஒரு ஆளை நிற்க வை, அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான்.

“முடிஞ்சிட்டு மாமா. மீட்டருக்கும் எங்க டேப் சவுண்டிங்குக்கும் ஒன்றரை டன்தான் வித்தியாசம்.”

“ஸாம்பிள் சீல் நம்பரு டெலிவரி நோட்டுல ஏறிச்சாலே?”

“இல்லையே. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.”

“பார்ஜ் போயிட்டா?”

“இல்ல மாமா, ஹோஸ் இன்னும் கழட்டல.”

“அப்போ போனை வை. போய் எழுத வை முதல்ல.”