வீட்டுப் பிளானை யாரிடம் காட்டிக் கேட்பது?

மட்டக்களப்பு ஆரையம்பதியில் மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியபோது எங்கள் கையில் ஒரு பிளான் இருந்தது. 20 பேர்ச் வளவு, மூன்று அறை, ஹோல், குசினி, சாமியறை, முன்னால் விறாந்தை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். தாய் தகப்பனும் பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடுவார்கள். இங்கே என் அம்மாவும் எங்களோடுதான். பிளானில் ஒரு பிழை விட்டால் நாலு தலைமுறை அதற்குள் நடந்து திரிய வேண்டும். அதனால் அத்திவாரம் வெட்ட முன்னம் நாலு வழியாலும் அபிப்பிராயம் கேட்டோம். எனக்குக் கடைசி வழியில்தான் முழு நம்பிக்கை. மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிளான் கீறியவரிடம் கேட்பது முதல் வழி. எல்லைக்கு எவ்வளவு விட வேண்டும், பிரதேச சபை எதைக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்து வளவுக் கிணறு எங்கே இருக்கிறது என்று அவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பிறகுதான் எங்கள் மலக்குழி மற்றப் பக்கம் போனது. ஆனால் தான் கீறியதில் குறை காண்பது யாருக்கும் கஷ்டம்.

அடுத்தது குடும்ப வட்ஸ்அப். முப்பரிமாணப் படம் ஒன்று செய்வித்து அனுப்பினோம். லண்டன் மச்சாளும் சுவிஸ் தம்பியும் முகப்பைப் பற்றியும் தூணைப் பற்றியும் அன்பாக நிறைய எழுதினார்கள். அந்தப் படத்தில் இருந்த கட்டிலும் அலுமாரியும் எங்களுடையவை அல்ல, எந்த அறையிலும் அழகாக அடங்குகிற சாமான்கள். உருப்படியான கேள்வி ஒன்றுதான் வந்தது, அக்காவின் மகளிடமிருந்து: “அம்மம்மாட அறையிலிருந்து பாத்ரூமுக்கு எத்தனை எட்டு?”

மூன்றாவது, பாஸ், அதாவது வீட்டைக் கட்டுகிற மேசன். கூரை விஷயத்தில் அவரை விட்டால் ஆளில்லை. பிளானைக் கையில் எடுத்தவுடனே, இரண்டு கூரை சந்திக்கிற மூலையில் விரலை வைத்து, “இதால ஒழுகும், வருசா வருசம் ஏறிப் பூசணும்” என்றார். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு ஒன்றாக ஓட்டாமல் தனியே இறக்கச் சொன்னதும் அவர்தான். அவருடைய தகப்பனும் மேசன். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு கூரை போன வீடுகளுக்கு மரம் ஏற்றியவர் அவர். விறாந்தைக்குள் புகுந்த காற்று அதோடு நிற்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்துப் பாடம். ஆனால் உள்ளே மனிதர் எப்படி நடமாடுவார்கள் என்று கேட்டால், “எல்லாம் செய்யலாம்” என்பதுதான் அவருடைய பதில்.

கடைசி வழி, வளவு மணலில் பிளானை முழு அளவில் கீறிப் பார்ப்பது. எங்கள் மணல் வெள்ளை, சுண்ணாம்பு தெரியாது. அதனால் மில்லில் ஒரு மூடை உமிச்சாம்பல் எடுத்தோம். ஆப்பு அடித்து, நைலோன் நூல் கட்டி, நூலோடு சாம்பலைக் கொட்டினோம். அரை நாள் வேலை. ஒரு கோடு மட்டும் கீறினால் ஏமாந்துபோவீர்கள். பூச்சோடு சுவர் ஏழு அங்குலம் வரும், ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கோடு வேண்டும். எங்கள் பிளானில் அறை பத்துக்குப் பத்து என்று இருந்தது. அது சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்த அளவு. உள்ளே மிஞ்சியது ஒன்பதடி ஐந்து அங்குலம். ஆறரை அடி நீளக் கட்டிலுக்குப் பாய் விரித்து, கால்மாட்டில் இரண்டடி ஆழ அலுமாரிக்கு அட்டைப் பெட்டி வைத்தோம். இடையில் மிஞ்சியது பதினொரு அங்குலம். அலுமாரிக் கதவு திறக்காது, மகளால் நடக்கவும் முடியவில்லை. 1:100 தாளில் அந்தக் கட்டில் இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை. எத்தனை முறை பார்த்தோம், கண்ணில் படவில்லை. ஹோலில் இரண்டடி எடுத்து அறைக்குக் கொடுத்தோம்.

“எப்படி இருக்கு?” என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லாரும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். “காலையில் எழும்பித் தேத்தண்ணி போடும் வரைக்கும் நடந்து காட்டு” என்று சொல்லுங்கள். மகள் அப்படி நடந்தபோது, கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஹோலுக்குள்ளால்தான் குசினிக்குப் போக முடிந்தது. அம்மா தடியை ஊன்றிக்கொண்டு அறையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் இருபத்தொரு எட்டு எண்ணினார். நடுவில் நின்று, “ராவைக்கு இவ்வளவு தூரம் நடக்கணுமாகா?” என்று பேத்தியைக் கேட்டார். பாத்ரூம் கதவை அம்மாவின் அறைப் பக்கம் திருப்பினோம், இருபத்தொன்று 8 எட்டாகக் குறைந்தது. குழாய் எதுவும் இடம் மாறவில்லை.

இதிலும் ஒரு மயக்கம் உண்டு. வெட்டவெளியில் கீறினால் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். மகள் எல்லாவற்றையும் பெருப்பிக்கச் சொல்லிவிட்டாள். என் கணவர் அளவு நாடாவோடு அவளை இப்போதிருக்கிற வீட்டுக்குள் கூட்டிப்போய் அதே அளவை நிலத்தில் காட்டிய பிறகுதான் மனம் ஆறினாள். கண்ணை நம்பாமல் பாயையும் பெட்டியையும் நம்புங்கள்.

அப்புறம், நாங்கள் கீறியது ஆடி மாதம். கச்சான் காற்று அடித்தது, பின்னேரம் மூன்று மணி வெயில் எந்தச் சுவரில் ஏறும் என்று நின்றே பார்த்தோம். மாரி மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும், வெள்ளம் எவ்வளவு ஏறும் என்பதை ஆடி மணல் சொல்லாது. அதைப் பக்கத்து வீட்டு ஐயாவிடம் கேட்டோம். 2011 தை வெள்ளம் நின்ற இடத்தைத் தன் வாசல் கடப்புத் தூணில் முழங்காலுக்கு மேலே தொட்டுக் காட்டினார். பிளானில் அத்திவார உயரம் ஒன்றரை அடி. அதை இரண்டரை ஆக்கினோம்.

மாடி வீட்டுக்கு இந்த முறை எவ்வளவு உதவும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. படிக்கட்டை மணலில் கீறி ஏறிப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு பொறியியலாளரிடமே போங்கள். எங்கள் வீடும் இப்போது பீம் மட்டத்தில்தான் நிற்கிறது, குடியிருந்து பார்த்த பிறகு வேறு குறைகளும் தெரியலாம்.

உயரத்தைக் கூட்டியதால் அம்மாவுக்குப் படிகள் கூடிவிட்டன. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதைக்கு முப்பதடி வேண்டும். மிச்சச் சாம்பலால் தெற்குச் சுவரோரம் அதையும் கீறினோம். கிணற்றுக்கட்டுக்கு நாலடி முன்னமே முடிந்தது. அந்த இடத்தில் பாஸ் கல் அடுக்காமல் இருக்க, நூலை இன்னும் அவிழ்க்காமல் விட்டிருக்கிறோம்.