சோட்டெரோ: பருவ இறுதிக் கட்டுரைகளுக்கு ஏற்ற இலவச மென்பொருள்

குடும்பவியல் முதுகலையில் முதியோர் பராமரிப்பு, மணமுறிவு, குழந்தை வளர்ப்பு என மூன்று பாடங்களின் கட்டுரைகளும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளியான, ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் சேமித்து மேற்கோள் காட்ட உதவும் சோட்டெரோ (Zotero) பெரிதும் கைகொடுக்கிறது. மணமுறிவு பற்றிய ஆய்வொன்று குழந்தை வளர்ப்புக் கட்டுரைக்கும் தேவைப்பட்டால், நகல் எடுக்காமலே அதை இரண்டு தொகுப்புகளிலும் வைக்கலாம். எனக்குப் பிடித்த வசதி இதுதான். வேர்டில் எழுதும்போதே ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் மேற்கோள்களும் நூற்பட்டியலும் அமைந்துவிடுகின்றன. தமிழ்ப் பெயர்களில் மட்டும் (நம் தலைப்பெழுத்து முறை எந்த மென்பொருளுக்குத்தான் எளிதில் பிடிபடுகிறது!) தலைப்பெழுத்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் அகரவரிசையே குலைந்துவிடும் என்பதால், சமர்ப்பிக்கும் முன் சரிபார்ப்பது நல்லது. இலவச இணையச் சேமிப்பு 300 மெகாபைட்தான். ஸ்கேன் செய்த அத்தியாயங்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் செலவில்லை.